காலி நாற்காலியைத் தள்ளச் சொன்ன பல்லக்கா

நானூறு துண்டு. ஒவ்வொன்றும் பச்சைப் பட்டாணி அளவு. அதற்கு மேல் இம்மியும் கூடாது. பல் மருத்துவமனையின் பின்னறையில், மதியம் ஒன்றரை மணிக்கு, தன் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்காமல், உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருக்கிறார் பல்லக்கா. எண்ணுவதில்லை. இடுப்பில் கட்டும் துணிப்பை எந்தக் கனத்துக்கு வந்தால் நானூறு என்று கைக்குத் தெரியும்.

டாக்டர் கதவருகே வந்து எட்டிப் பார்க்கிறார். "நம்ம கத்தரி இல்லையே அது?"

"என் வீட்டுக் கத்தரி டாக்டர். நம்ம கத்தரி எங்க இவ்ளோ நல்லா வெட்டுது?"

டாக்டர் திரும்பிப் போய்விடுகிறார். "துண்டு பெருசா இருந்தா பத்தாவதுல வயிறு நிறைஞ்சிடும். வயிறு நிறைஞ்சவன் எவன் பாடம் கேட்டான்?" என்று அவர் போன திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மிச்சத்தை நறுக்குகிறார்.

இந்த மருத்துவமனையில் அவருக்கு இது பத்தொன்பதாவது வருடம். காலை ஒன்பது முதல் ஒன்று வரை டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது, விளக்கைத் திருப்புவது எல்லாம் சம்பளப் பட்டியலில் உள்ள வேலைகள். பட்டியலில் இல்லாத வேலை, நோயாளியின் காலைப் பார்ப்பது. டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் நோயாளியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வாய் 'பரவாயில்ல டாக்டர்'னு சொல்லும். கட்டைவிரல் மேல எந்திரிச்சு நிக்கும். நான் கட்டைவிரலைத்தான் நம்புவேன்." கட்டைவிரல் எழுந்ததும் டாக்டரின் முழங்கையை லேசாகத் தொடுவார். டாக்டர் கையை எடுத்துவிடுவார். இருவருக்கும் நடுவில் பேச்சு கிடையாது.

ஆரம்ப வருடங்களில் குழந்தைகளை மூன்று பேர் அமுக்கிப் பிடித்துத்தான் வைத்தியம் நடந்தது. பல் வந்துவிடும், அந்தக் குழந்தை மட்டும் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வராது. ஒருநாள், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்த ஒரு சிறுமியிடம் நாற்காலியின் பொத்தானைக் கொடுத்து, "இன்னிக்குப் பல்லே பாக்கப் போறதில்ல. நாற்காலியை மேல கீழ ஓட்டிட்டு வீட்டுக்குப் போ" என்றார். மறுநாள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொள்ள மட்டும். மூன்றாம் நாள் சிறுமி தானாக வாயைத் திறந்தாள். "ஒரு பல்லுக்கு மூணு நாளா?" என்று டாக்டர் முனகினார். சிறுமியின் அம்மா முனகவில்லை. அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து நடுங்குகிற நாய் ஒன்று இருந்தது. "அதையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

போனார். எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். மதியத்துக்கு மேல் தினம் இரண்டு வீடு. குழந்தைகள் வைத்த 'பல்லக்கா' என்ற பெயரே நாய் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் வாசலில் தடங்கல் வருவதுண்டு. "நாயைப் பாக்க வந்த பல்லக்காவா? நாய்க்குப் பல்லு பிடுங்கவா?" என்று ஒரு காவலாளி அவரைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பல்லக்கா நாயைப் பார்க்க மாட்டார். பக்கவாட்டில் திரும்பி நின்று, சுவரில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு, வாய் கிழியக் கொட்டாவி விடுவார். பாவம், தூக்கமில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் டீ போட ஓடுவார்கள். "சண்டைக்கு வரலடான்னு அதோட பாஷையில சொல்றேன்," என்பது அவர் விளக்கம். ஒரு மழை நாளில், கூச்சம் பிடித்த ஒரு வெள்ளை நாய்க்கு முன்னால் இப்படிக் கொட்டாவி விட்டுவிட்டு, அதே கொட்டாவியில் தானே அசந்து சோபாவில் தூங்கிப்போனார். வீட்டு அம்மாள் டீயோடு வந்தபோது, வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பல்லக்காவின் தொங்கிய கைக்கு ஒரு சாண் தள்ளி அந்த நாயும் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அம்மாள் டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து போய்விட்டார். அன்றைய பாடம் அவ்வளவுதான். அதைவிட நல்ல பாடம் தான் நடத்தியதே இல்லை என்பார் பல்லக்கா.

அவருடைய கருவி ஒரு பேனா. தலையை அமுக்கினால் 'டிக்' என்று கேட்கிற சாதாரணப் பேனா; உள்ளே மை கிடையாது. நாய் சரியானதைச் செய்கிற அந்தக் கண்ணிமைப்பில் டிக். பிறகு ஒரு துண்டு. "ஒரு டிக்குக்கு ஒரு துண்டு. நான் தப்பா அமுக்கினாலும் துண்டு உண்டு. வாக்குன்னா வாக்கு." அதட்டல் கிடையாது. 'நோ' கிடையாது. அடி கிடையவே கிடையாது.

"ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டீங்களா?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல உங்களை நாலு தட்டு தட்டினா மறுநாள் நல்லா வேலை செய்வீங்களா?"

"லீவு போட்டுடுவேன்."

"அதுக்கு லீவு இல்லையே."

அவர் வீட்டில் நாய் இல்லை. கூட இருக்கிற தங்கைக்கு நாய் மயிர் ஒன்று பறந்து வந்தாலும் மூக்கு ஒழுகும். தினமும் வாசலிலேயே அக்காவின் மேல்சட்டையை வாங்கி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "ஊர் நாயெல்லாம் உனக்குச் சொந்தம், கூடப் பொறந்தவ மட்டும் தும்மிக்கிட்டே சாகணும்" என்பது அவள் தினசரி வரவேற்பு.

போன மாதம் ஒரு அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஒரு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் கதவு, இன்னொரு கையில் பிஸ்கட் பொட்டலம். உள்ளே பழுப்பு நிற நாய் ஒன்று, கூடத்தின் மூலையில் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தது.

"சின்னவனே, போதும்டா கண்ணு" என்று அந்தப் பெண் அதன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். அமைதி. மென்றது. விழுங்கியது. நாற்காலியைப் பார்த்தது. ஒரு குரை. பிறகு அம்மாவின் கையைப் பார்த்தது.

மகன்தான் பெரியவன்; வெளியூரில் படிக்கிறான். அதனால் நாய்க்குச் சின்னவன் என்று பெயர். வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருந்தார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இன்னும் பதினோரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சக்கர நாற்காலியில். ஒரு வாரத்துக்கு முன்பே வாடகைக்கு வாங்கி வைத்த நாற்காலியை நகர்த்தினால் சின்னவன் சக்கரத்தைக் கடிக்கிறான். நாற்காலி சாய்ந்தால், செயலிழந்த அந்தத் தோள்மேல் மனிதர் விழுந்தால், அப்புறம் எதையும் சரிசெய்ய முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"எங்கண்ணன் முடிவா சொல்லிட்டார்க்கா. எங்க வீட்டுக்காரர் திரும்பி வர்ற அன்னிக்கு வேனோட வருவாராம். இவன் அடங்கலேன்னா அவரோட கோடவுனுக்குப் பின்னாடி கொண்டுபோய்க் கட்டிடுவாராம்." அந்தப் பெண் பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மடித்து மடித்துப் பிரித்தார். "அண்ணன் சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒரு மாசத்துல ஆஸ்பத்திரியில அவர் ஒரே ஒரு தடவைதான் சிரிச்சார். போன்ல இவன் படத்தைக் காட்டினப்போ. வீட்டுக்கு வந்து இவன் எங்கேன்னு தேடினா நான் என்னக்கா சொல்லுவேன்? அவரால கேக்கக்கூட முடியாதே."

பல்லக்கா பொட்டலத்தை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்தார்.

"நீங்க ரொம்ப நல்ல டீச்சர்மா. ஒரு வாரத்துல என்ன சுத்தமா சொல்லிக்குடுத்திருக்கீங்க! நாற்காலியைப் பாக்கணும், குலைக்கணும், பிஸ்கட் வாங்கணும்."

அந்தப் பெண் முதலில் விழித்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினம் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் ஒரு விசித்திரமான ஊர்வலம் நடந்தது. முதல் நாள் நாற்காலி அசையவில்லை. ஒரு ஓரத்தில் விரித்து நிறுத்தினார்கள். எதிர் மூலையில் நாலாக மடித்த பழைய போர்வை; அதன்மேல் சின்னவன்; பக்கத்தில் தரையில் பல்லக்கா. நாய் நாற்காலியைப் பார்த்துவிட்டு, குலைக்க வாயெடுக்கும் முன்பே, டிக். துண்டு. மறுபடி பார்த்தது. டிக். துண்டு. மூன்றாம் நாள் நாற்காலி ஓர் அங்குலம் நகர்ந்தது. "ஓர் அங்குலம்னா ஓர் அங்குலம்மா. அவசரம் நமக்குத்தான், அவனுக்கில்ல." ஐந்தாம் நாள் ஒரு முழம்.

மேற்கு ஜன்னலின் மஞ்சள் திரை வழியாக வெயில் வடிந்து கூடம் முழுக்கத் தேன் நிறத்தில் கிடக்கும். லிஃப்ட் எப்போதாவது முனகிக்கொண்டு மேலே போகும். அந்தப் பெண் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, தண்ணீரில் நடப்பதுபோல, சுவரிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து சுவருக்கும் போவார். சக்கரத்துக்கு ஓசை இல்லை. நாயின் தலை மட்டும் அதோடு சேர்ந்து மெல்லத் திரும்பும். டிக் என்ற சத்தம் வெகு தூரத்தில் யாரோ கதவைத் தாழிடுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்கும். பல்லக்காவுக்கே சில சமயம் கண் செருகிவிடும்; கட்டைவிரல் மட்டும் தவறாது.

ஆறாம் நாள் அப்படி ஒரு மயக்கத்தில்தான் அது காதில் விழுந்தது. அந்தப் பெண் நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார். "ஜன்னல் கிட்ட போலாமாங்க? வெயில் கண்ணுல படுதா? இருங்க, திருப்பறேன்." காலி இருக்கையின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே திருப்பினார். திரும்பியபோது பல்லக்கா பார்ப்பதைப் பார்த்துவிட்டார். வெட்கத்தில் நாற்காலியை அப்படியே விட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க. அன்னிக்கும் பேசத்தானே போறீங்க? அந்தச் சத்தமும் அவனுக்குப் பழகட்டும்."

எட்டாம் நாள் பல்லக்கா தானே நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவன் போர்வையை விட்டு எழவில்லை. பத்தாம் நாள் கீழேயிருந்து காவலாளியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நான்கு சுற்று வந்துவிட்டு, "ஜன்னல் பக்கம் இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டார். சின்னவன் கொட்டாவி விட்டான்.

பதினோராம் நாள் காலை பத்தரைக்கு லிஃப்ட் கதவு திறந்தது. பல்லக்கா பல் மருத்துவமனைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். அண்ணன்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். கீழே அவருடைய வேன் நின்றது. நாற்காலியில், மூன்று சுற்று இளைத்துப்போன ஒரு மனிதர். வலது கை கழுத்துத் துணியில் தொங்கியது.

முன்சக்கரம் வாசற்படியைத் தாண்டியது. சின்னவன் போர்வையில் படுத்தபடி பார்த்தான். டிக். துண்டு. பின்சக்கரமும் தாண்டியது. அந்தப் பெண் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பார்வையில் பெருமை இருந்தது.

அப்போது ஜன்னல் காற்று திரும்பி, நாற்காலியிலிருந்த மனிதரின் வாசனை நாய்க்குப் போனது.

அது குலைக்கவில்லை. அழுதது. குழந்தை வீரிடுவதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, போர்வை ஒரு பக்கம் சுருண்டு போக, நேராக அந்த மடியை நோக்கிப் பாய்ந்தது. அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை பல்லக்காவின் காலடியில் மிதிபட்டிருந்ததால், தொங்குகிற அந்தக் கைக்கு ஒரு சாண் முன்னால் காற்றிலேயே நின்று, விழுந்து, மறுபடி எழும்பியது.

"பாத்தியாம்மா? பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா!" அண்ணன் நாற்காலியை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார். "மாப்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? வேனைத் தொறக்கச் சொல்றேன்."

அந்தப் பெண் பல்லக்காவைப் பார்த்தார்.

"தப்பு என்னுதுங்க" என்றார் பல்லக்கா. நாயை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதன் துடிப்பில் அவர் குரலும் ஆடியது. "பத்து நாளும் பயத்துக்கு மட்டும்தான் பாடம் நடத்தினேன். சந்தோஷம்னு ஒண்ணு வரும்னு எனக்குத் தோணவே இல்ல. அதையும் பட்டாணி பட்டாணியா வெட்டிக் குடுத்திருக்கணும். அரை மணி நேரம் குடுங்க."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மனுஷன் நாய்க்காக அரை மணி நேரம் வாசல்ல நிக்கணுமா? நல்லா இருக்கே கதை!"

எல்லாரும் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்கள். அவர் உதடு கோணி அசைந்தது; சொல் வரவில்லை. இடது கையை மடியிலிருந்து தூக்கினார். வெகு நேரம் பிடித்தது. சுட்டுவிரல் நடுங்கிக்கொண்டே திரும்பி, மைத்துனரைத் தாண்டி, தாழ்வாரத்தைக் காட்டியது. வெளியே தள்ளு.

அண்ணன் நாற்காலியைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினார்.

கதவைச் சாத்தினார்கள். முதலில் நாற்காலியில் இருந்தவரின் தோளில் கிடந்த மேல்துண்டு மட்டும் உள்ளே வந்தது. சின்னவன் அதை மூக்கால் உழுதான், அழுதான், மூச்சு வாங்கினான், ஒருவழியாக அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்தான். டிக். பிறகு கதவு ஒரு கை அகலம் திறந்தது. எழுந்தான், கதவு சாத்திக்கொண்டது. படுத்தான், திறந்தது. மூன்றாவது தடவையில் கணக்கு அவனுக்கே புரிந்துவிட்டது. நாற்காலி ஒரு சக்கரம் உள்ளே வந்தது, நின்றது, வெளியே போனது.

"உள்ளே... வெளியே... உள்ளே. இருபது வருஷமா வண்டி ஓட்டறேன், இவ்ளோ ரிவர்ஸ் எடுத்ததில்ல" என்று தாழ்வாரத்தில் அண்ணன் குரல் கேட்டது. "மாப்ளே, நீங்க சிரிக்கறீங்களா? எனக்கு இங்க இடுப்பு போகுது."

ஆறாவது தடவை நாற்காலி கூடத்துக்கு நடுவே வந்து நின்றது. சின்னவன் போர்வையில் ஒட்டிக் கிடந்தான். காது முதல் வால் வரை உடம்பு மொத்தமும் உதறியது. வயிறு மட்டும் தரையை விட்டு எழவில்லை. பல்லக்கா கயிற்றைத் தளர்த்தினார். அவன் தவழ்ந்தான். ஒரு அடி, டிக். இரண்டு அடி, டிக். கால் வைக்கும் தகட்டின்மேல், தன் மனிதரின் செயலற்ற பாதத்துக்குப் பக்கத்தில், மோவாயை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டான். மஞ்சள் திரை உள்ளே ஊதி வந்து அடங்கியது.

நாற்காலியில் இருந்தவர் குனிந்து பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்லக்கா எழுந்து போய், பேனாவை நாற்காலியில் இருந்தவருடைய இடது கையில் வைத்து, கட்டைவிரலைத் தலைமேல் பொருத்தினார். "பேரெல்லாம் அவனுக்கு எதுக்குங்க? இதை அமுக்குங்க."

டிக்.

சின்னவன் தலையைத் தூக்கி நேராக அவர் கண்ணைப் பார்த்தான். பல்லக்கா துண்டைப் போட்டார். அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி பார்த்தான். பிறகு நிறுத்தவே இல்லை. டிக், டிக், டிக். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு விழுந்துகொண்டே இருந்தது.

"மாப்ளே, அதுக்கு வயிறு வெடிச்சிடும், விட்டுடுங்க" என்றார் அண்ணன். அவர் போனை எடுத்து, வேனைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடும்படி டிரைவரிடம் சொன்னபோது, குரலை யாருக்கும் கேட்காத அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பெண் சத்தமாகச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் சமையலறைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

கடைசியில் பை காலியானது. பல்லக்கா அதைக் கவிழ்த்துக் காட்டினார். "தீர்ந்துபோச்சுங்க. இன்னிக்கு இவ்வளவுதான்."

நாற்காலியில் இருந்தவர் பல்லக்காவைப் பார்த்தார். கோணிய உதடு ஒரு பக்கம் ஏறியது. வேண்டுமென்றே இன்னொரு முறை அமுக்கினார். டிக்.

நாய் காத்திருந்தது. பல்லக்கா தரையில் உட்கார்ந்து, பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் கறியை நகத்தால் சுரண்டி எடுத்து, சின்னவனின் வாயில் வைத்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை எல்லாரும் கீழே தெருவுக்கு இறங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. நாற்காலி, அதைத் தள்ளுகிற மனைவி, காலடியில் சின்னவன், இவ்வளவுக்குத்தான் லிஃப்டில் இடம். பல்லக்கா படியில் இறங்கி வருவார்.